சியோல் குளிரில் பட்ட பாடு

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் குளிர்காலத்தில் சியோல் போகப்போகிறான். டிக்கெட் போட்டுவிட்டு வந்து, "அக்கா, நீங்க ஜனவரியில போயிருக்கீங்களே, குளிர் ரொம்ப இருக்குமா? நல்ல ஜாக்கெட் ஒண்ணு வாங்கினா போதும்ல?" என்று கேட்டான். போதாது என்று சொல்ல ஆரம்பித்தேன். டீ ஆறிப்போகும் வரை பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். 2023 ஜனவரியில் நான் தனியாக எட்டு நாள் சியோல் போனேன். அதில் ஒரு ராத்திரி, ஊரே மைனஸ் 16 டிகிரிக்கு உறைந்துகொண்டிருந்த ராத்திரி, என் அறைக் கதவைத் திறக்க முடியாமல் மொட்டைமாடியில் நின்றேன். பயத்தில் அழுதேன். முன்னாலேயே யாராவது நாலு விஷயம் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி எனக்கு வந்திருக்காது.

முதல் தப்பு தேதியில். பொங்கல் முடிந்த கையோடு லீவு போட்டேன். கோலாலம்பூர் வழியாக ஜனவரி 20 போய் 27 கிளம்புகிற மாதிரி டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, போட்டுவிட்டேன். அந்த வாரம் அங்கே என்ன விசேஷம் என்று பார்க்கவே இல்லை. ஜனவரி 22 அவர்களுடைய சந்திரப் புத்தாண்டு, 'சொல்லால்' என்பார்கள். முதல் நாளும் மறுநாளும் விடுமுறை. அந்த வருடம் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அதற்கு ஈடாக 24-ம் தேதியும் விடுமுறை கொடுத்திருந்தார்கள். நம்ம ஊரில் பொங்கலுக்குச் சென்னை காலியாவது போல சியோல் காலியாகிவிடுகிறது. நாம்தேமுன் சந்தையில் இரும்புக் கதவுகள் வரிசையாக இறங்கிக் கிடந்தன. சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகளின் கண்ணாடிக் கதவில் கையால் எழுதின தாள் ஒட்டியிருந்தது. ஒரு நாள் காங்நூங் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். அதிவேக ரயிலில் ஓர் இருக்கைகூட இல்லை. பண்டிகை டிக்கெட்டுக்குத் தனி முன்பதிவு உண்டு, அது வாரக்கணக்கில் முன்னாலேயே முடிந்துவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்தப் பண்டிகை ஒவ்வொரு வருடமும் இடம் மாறும். 2024-ல் பிப்ரவரி 10, 2025-ல் ஜனவரி 29, 2026-ல் பிப்ரவரி 17. டிக்கெட் போடும் முன் முதல் வேலையாக இதைப் பாருங்கள். பண்டிகையைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் வேறு விஷயம். அந்த நாட்களில் அரண்மனைகளுக்குள் இலவசமாக விடுகிறார்கள். கியோங்போக்குங் அரண்மனையில் பட்டுப் பாவாடைக்கு மேலே முழங்கால் வரை பஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடந்ததைப் பார்த்தது எனக்கு நல்ல நினைவாகத்தான் இருக்கிறது.

இடையில் சில்லறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ரயில், பஸ் இரண்டுக்கும் டி-மணி அட்டை ஒன்று போதும், ஆனால் அதில் பணம் ஏற்ற நோட்டுதான் வேண்டியிருந்தது. கையில் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றது எனக்கு முக்கால் மணி நேர நஷ்டம். அப்போது நம் 100 ரூபாய்க்குச் சுமார் 1,500 வோன் கணக்கு. 50,000 வோனாவது நோட்டாக எப்போதும் கையில் இருக்கட்டும். நான் போனபோது கூகுள் மேப் அங்கே நடக்கும் வழியைக் காட்டவில்லை. நேவர் மேப் அல்லது ககாவோ மேப் ஊரிலேயே இறக்கிப் பழகிக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்புக்குப் பாபாகோ. 1330 என்று ஒரு எண் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண். ஆங்கிலத்தில் பேசுவார்கள், எதிரில் நிற்கும் கொரியரிடம் நமக்காகப் போனில் பேசியும் கொடுப்பார்கள். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஜாக்கெட் பைக்குள் வையுங்கள். ஏன் தாளில் என்று சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

இரண்டாவது தப்பு, அறை. ஹேபாங்சோன் என்று நாம்சான் மலைச்சரிவில் ஒரு பகுதி. ஏற்றமும் இறக்கமுமாகச் சந்துகள், செங்கல் வீடுகள். அங்கே ஒரு நாலு மாடிக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் தனியாகக் கட்டிய ஒற்றை அறை, ஒரு ராத்திரிக்கு 40,000 வோன். படத்தில் சன்னலுக்கு நேரே நாம்சான் கோபுரம் தெரிந்தது, அதில் மயங்கிவிட்டேன். இந்த மாடி அறைகளை 'ஒக்தாப்பாங்' என்பார்கள். அதற்கு நாலு பக்கமும் காற்று, மேலேயும் காற்று. கதவு வெட்டவெளியில் திறக்கும், தண்ணீர்க் குழாய் வெளிச்சுவரில் ஓடும். கோடையில் போகிறவர்களுக்கு அது சொர்க்கமாக இருக்கலாம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். கட்டிடத்துக்கு உள்ளே, நடைவழியில் கதவு திறக்கிற அறையாகப் பாருங்கள்.

இருந்தாலும் முதல் மூன்று நாள் அந்த அறையில் சந்தோஷமாகத்தான் இருந்தேன். காரணம் தரை. கொரியாவில் அறையைச் சூடாக்குவது தரை வழியாக. பாய்லரில் காய்ந்த தண்ணீர் தரைக்கடியில் குழாய்களில் ஓடுகிறது, 'ஒன்டோல்' என்று பெயர். வெளியே சுற்றிவிட்டு வந்து அந்தத் தரையில் முதுகு பட மல்லாந்து படுத்தால் எலும்புக்குள் போன குளிரெல்லாம் இறங்கிவிடும். அம்மா கொடுத்துவிட்ட கோவில்பட்டி கடலைமிட்டாயைத் தரையில் வைத்துவிட்டுப் போய், வெல்லம் இளகி காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. சாக்லேட், மாத்திரை, முகத்துக்குப் பூசும் கிரீம் எதையும் தரையில் வைக்க வேண்டாம்.

இந்தப் பாய்லரை இயக்க சுவரில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று இருக்கும். பெரும்பாலும் கொரிய எழுத்து மட்டும்தான். என் அறையில் ஐந்து பொத்தான்கள். ஒன்று மொத்தமாக அணைப்பது, ஒன்று அறையின் வெப்பம், ஒன்று தரையடித் தண்ணீரின் வெப்பம், ஒன்று குளிக்கிற வெந்நீர், இன்னொன்று 'வேச்சுல்', வெளியே போகிறேன் என்று அர்த்தம். வேச்சுலை அழுத்தினால் பாய்லர் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு, குழாய் உறையாத அளவுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளும். கடுங்குளிர் நாளில் அதுவும் போதாது, அறையை 15, 16 டிகிரியிலாவது ஓட விட்டுத்தான் போக வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். நான் செய்தது வேறு. வெளியே போனால் விளக்கு, ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போ என்று சொல்லி வளர்ந்த கை. அடுத்தவர் வீட்டு கேஸ், வீணாக எரியக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். 24-ம் தேதி காலை முதல் பொத்தானை அழுத்தி, விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டே படி இறங்கினேன்.

முந்தின நாள் சாயங்காலம் போன் இரண்டு முறை அலறியது. சைரன் மாதிரி சத்தம், திரையில் கொரிய எழுத்தில் ஒரு செய்தி. பண்டிகை வாழ்த்தோ, கோவிட் பற்றி ஏதாவதோ இருக்கும் என்று தள்ளிவிட்டேன். கடுங்குளிர் எச்சரிக்கை அது. 23-ம் தேதி பகலில் ஜாக்கெட் ஜிப்பைத் திறந்துவிட்டு நடந்த ஊர், மறுநாள் காலை மைனஸ் 16. காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு மைனஸ் 20-க்கும் கீழே. அங்கே ஒரு பழைய கணக்கு உண்டு, மூன்று நாள் குளிர் நாலு நாள் இதம் என்று. சைபீரியாவிலிருந்து வருகிற காற்று அப்படி அலை அலையாக வருமாம். அன்று ஜெஜூ தீவிலிருந்து ஒரு விமானமும் கிளம்பவில்லை; பண்டிகைக்குப் போன ஆயிரக்கணக்கான பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அந்த அலறல் வந்தால் செய்தியைத் திரைப்பிடிப்பு எடுத்துப் பாபாகோவில் போட்டுப் படியுங்கள். அரை நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் அன்று நான் அறையை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டேன்.

பகல் முழுக்க தேசிய அருங்காட்சியகத்தில் இருந்தேன். இச்சோன் ரயில் நிலையத்திலிருந்து சுரங்க வழியிலேயே போய்விடலாம், பொது அரங்குகளுக்குக் கட்டணம் இல்லை, உள்ளே கதகதப்பு. 'சிந்தனை அறை' என்று ஓர் இருட்டான அறையில், கன்னத்தில் விரல் வைத்து யோசிக்கிற இரண்டு போதிசத்துவர் சிலைகள் மட்டும் இருக்கின்றன. அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றேன். குளிர் அதிகமான நாளுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் ஹான் ஆறு கரையோரம் உறைந்திருக்கிறது, அஸ்தமனத்தில் அதைப் படம் எடுக்க வேண்டும் என்று ஐந்து மணிக்கு ஆற்றோரம் போனேன். காற்று நேராக முகத்தில் அறைந்தது. முகக்கவசத்துக்குள் விட்ட மூச்சு துணியிலேயே விறைத்தது. கையுறையைக் கழற்றி ஏழெட்டுப் படம் எடுத்தேன். 41 சதவீதம் இருந்த போன், கையில் இருக்கும்போதே அணைந்தது. குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேலை மந்தமாகிவிடும், சார்ஜ் இருந்தும் கொடுக்க முடியாமல் போன் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பவர் பேங்க் தோள்பையின் வெளிப்பையில் பனிக்கட்டியாக இருந்தது, அதுவும் வேலை செய்யவில்லை. போனையும் பவர் பேங்கையும் ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்புச் சூடு படுகிற பையில் வையுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் எடு, உடனே உள்ளே வை, அவ்வளவுதான்.

முகவரி, வரைபடம், வீட்டுக்காரர் எண் எல்லாம் அந்தப் போனுக்குள். நல்ல வேளை, வழி நினைவிருந்தது. இச்சோனில் நாலாம் எண் தடம் ஏறி, சம்கக்ஜியில் ஆறாம் தடத்துக்கு மாறி, அடுத்த நிலையம் நோக்சப்யோங். வெளியே வந்தால் ஒரு கூடாரம். மூன்று மாதம் முன்னால் பக்கத்துப் பகுதியான இடேவோனில் கூட்ட நெரிசலில் இறந்த பிள்ளைகளின் படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அந்தக் காற்றிலும் சில பெற்றோர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். கும்பிட்டுவிட்டு நடந்தேன். சந்து பஸ் விடுமுறையில் எப்போது வரும் என்று தெரியவில்லை, ஏற்றத்தில் இருபது நிமிடம் நடந்துதான் போனேன். ஓரங்களில் பளபளவென்று கறுப்புப் பனிக்கட்டி, பார்த்தால் ஈரத் தார் ரோடு போலத்தான் இருக்கும். கைப்பிடிக் கம்பி இருக்கிற பக்கமாக, குட்டி எட்டு வைத்து நடக்க வேண்டும். கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள், விழுந்தால் ஊன்ற முடியாது.

நாலு மாடி ஏறி மொட்டைமாடிக்கு வந்தபோது ஏழு மணி இருக்கும். அங்கே பெரும்பாலும் சாவி கிடையாது, கதவில் எண் பூட்டு. கறுப்புப் பலகையில் உள்ளங்கையை வைத்தால் எண்கள் ஒளிரும், தட்டினால் திறக்கும். வைத்தேன், ஒளிரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வைத்தேன். துடைத்துவிட்டு வைத்தேன். ஒன்றும் இல்லை, வெறும் கறுப்புக் கண்ணாடி. பூட்டுக்குள் இருந்த பேட்டரியும் அந்தக் குளிரில் விழுந்துவிட்டது. கீழே இறங்கி ஒவ்வொரு தளத்திலும் தட்டினேன். எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், ஒரு சன்னலிலும் வெளிச்சம் இல்லை. திரும்ப மேலே வந்து, கதவோரம் உட்கார்ந்து, கைக்குள் ஊதி ஊதிப் பார்த்தேன். விரல் வலித்துக்கொண்டே இருந்தது, ஒரு கட்டத்தில் வலிப்பது நின்றது. வலி நின்றதும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அம்மாவுக்கு நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்றுகூடத் தெரியாது என்ற நினைப்பு வந்ததும் அழுகை வந்துவிட்டது. கன்னத்தில் இறங்கின கண்ணீர் முதலில் சுட்டது, அடுத்த நொடி குளிர்ந்தது. அப்புறம் எழுந்தேன். எதையும் சரிசெய்ய முயற்சி பண்ணும் முன்னால் சூடான இடத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்த இருபத்தைந்து நிமிடத்தை மாடியில் வீணாக்கினதுதான் அன்று நான் செய்த பெரிய தப்பு.

சூடான இடம் என்றால் அங்கே இரவு முழுக்கத் திறந்திருக்கும் சின்னக் கடைகள், தெருவுக்கு ஒன்று உண்டு, பண்டிகையன்றும் மூடுவதில்லை. காவல் நிலையமும் அப்படித்தான். 'ஜிம்ஜில்பாங்' என்கிற வெந்நீர்க் குளியல் கூடங்களில் ராத்திரி படுத்துக்கொள்ளலாம், ஆனால் கொரோனாவுக்குப் பிறகு இருபத்துநாலு மணி நேரமும் நடப்பவை குறைந்துவிட்டன. நான் சந்து முனைக் கடைக்குள் போனேன். கல்லூரி வயதுப் பையன் ஒருவன் கல்லாவில் இருந்தான். சூடு அலமாரியிலிருந்து ஒரு காபி டப்பாவை எடுத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். உணர்ச்சி இல்லாத விரலுக்குச் சூட்டின் அளவு தெரியாது. மறுநாள் இரண்டு விரல் நுனியில் கொப்புளம். மரத்துப்போன கையையும் காதையும் தேய்க்கவும் கூடாது, கொதிக்கிறதன் மேல் வைக்கவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், இல்லையென்றால் அக்குள். சட்டைக்குள் ஒட்டும் சூட்டுப் பொட்டலத்தையும் நேராகத் தோலில் ஒட்டாதீர்கள், அதை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள், தெரியாமலே வெந்துவிடும்.

பையனிடம் போனை நீட்டினேன், சார்ஜ் போட்டுக் கொடுத்தான். எனக்குக் கொரிய மொழி வராது, அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம். கதவு மாதிரிக் கையைக் காட்டி, எண் தட்டுவது போலத் தட்டி, இல்லை என்று தலையாட்டினேன். அவன் ஒரு நொடி பார்த்துவிட்டு, "ஆ!" என்று சொல்லி, பேட்டரி தொங்கும் கம்பியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். சின்னச் சதுரப் பேட்டரி, தலையில் இரண்டு குமிழ். பழைய ரேடியோவுக்குப் போடுவோமே, அந்த 9 வோல்ட். தன் போனில் ஒரு பூட்டின் படத்தைக் காட்டி, பூட்டின் அடிவிளிம்பில் இரண்டு உலோகப் புள்ளி இருக்கும், இதன் தலையை அங்கே வைத்துப் பிடித்துக்கொண்டு எண்ணைத் தட்டு என்று சைகையில் சொல்லிக்கொடுத்தான். மேலே ஓடினேன். குனிந்து பார்த்தால், கடுகு அளவில் இரண்டு வெள்ளிப் புள்ளிகள், நாலு நாளாக என் கண்ணில் படவே இல்லை. பேட்டரியை வைத்து அழுத்தினேன். நழுவியது. மறுபடி வைத்தேன். டிங் என்று ஒரு சத்தம், கறுப்புக் கண்ணாடியில் எண்கள் நீலமாக எழுந்து வந்தன. அந்த வெளிச்சத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அறைக்குப் போன முதல் நாளே பூட்டின் அடியில் அந்தப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி வாங்கி பையில் போட்டுக்கொள்ளுங்கள். அறைக்குள் வைத்தால் பிரயோஜனம் இல்லை.

உள்ளே போனால் வெளியே இருக்கிற அதே குளிர். மூச்சு புகையாக வந்தது. சன்னல் ஓரம் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் பாதி பனிக்கட்டி. பாய்லரைப் போட்டேன், கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஒரு பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. பகல் முழுக்க பாய்லர் அணைந்து கிடந்ததில் வெளிச்சுவர்க் குழாய் உறைந்துவிட்டது. போனில் உயிர் வந்ததும் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் தெற்கே சொந்த ஊரில் இருந்தார். அலமாரியில் மின்சார விரிப்பு இருக்கிறது, அதன் மேல் படுங்கள், நாளை ஆள் அனுப்புகிறேன் என்றார். இருந்த துணி அத்தனையும் போட்டுக்கொண்டு அந்த விரிப்பில் சுருண்டு படுத்தேன். கீழே சூடு, மேலே மூக்கு நுனி ஐஸ். விடிய விடியத் தூக்கம் இல்லை.

காலையில் இரண்டாம் தளத்துப் பாட்டி மகன் வீட்டிலிருந்து திரும்பியிருந்தார். வெளிச்சுவர்க் குழாயைப் பார்த்ததும் "ஐகோ, ஐகோ!" என்றார், நம்ம 'ஐயோ' மாதிரியே இருந்தது. நான் கெட்டிலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரோடு வந்ததைப் பார்த்து ஓடி வந்து கையைப் பிடித்துத் தடுத்தார். உறைந்த குழாயில் கொதிநீர் ஊற்றினால் வெடித்துவிடும். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டைச் சுற்றி, முடி காயவைக்கும் கருவியால் தூரத்திலிருந்து காற்று காட்ட வேண்டும். இருவரும் ஒரு மணி நேரம் பார்த்தோம், அசையவில்லை. பிற்பகலில் உறைவு நீக்கும் ஆள் வந்து, ஆவி அடிக்கும் இயந்திரத்தால் சரிசெய்தார். 1,50,000 வோன். நம் பணத்தில் சுமார் பத்தாயிரம் ரூபாய். அதை நான்தான் கொடுக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளில், பாய்லரை அணைக்காதீர்கள், ராத்திரி குழாயை நூல் போல ஒழுக விடுங்கள், குளிர் நாளில் துணி துவைக்கும் இயந்திரம் போடாதீர்கள் என்று எல்லாம் எழுதியிருந்ததாம். எழுதியிருந்தது, கொரிய மொழியில். வெளிநாட்டாருக்கு அறை விடுகிறவர் அதை ஆங்கிலத்திலும் எழுதியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் நாலு நாளாக என் கண் முன்னால் இருந்த தாளை நானும் மொழிபெயர்த்துப் படிக்கவில்லை, அதனால் சண்டை போட மனம் வரவில்லை. அறையில் உள்ள ஒவ்வொரு தாளையும் முதல் நாளே பாபாகோவில் போட்டுப் படியுங்கள்.

அன்றே ஓர் ஓட்டலுக்கு மாறினேன், இரண்டு ராத்திரிக்கு 1,60,000 வோன். மாடி அறைக்குக் கட்டின மீதிப் பணம் திரும்பவில்லை. விரல் கொப்புளத்துக்கும், தோல் உரிந்த காது மடலுக்கும் மருந்துக் கடையில் களிம்பு வாங்கினேன். 24-ம் தேதி ராத்திரி என்றால் அதுவும் கிடைத்திருக்காது. விடுமுறையில் முறை வைத்துத் திறக்கும் மருந்துக் கடை எது என்று 119-ல் கேட்டால் சொல்வார்கள். காய்ச்சல், தலைவலி, அஜீரண மாத்திரைகள் மட்டும் அந்த இருபத்துநாலு மணி நேரக் கடைகளிலேயே உண்டு. அப்புறம் பூட்ஸ், காது மூடும் தொப்பி, உல்லன் காலுறை என்று 65,000 வோன். எல்லாம் சேர்த்து 3,80,000 வோனுக்கு மேல், நம் கணக்கில் 25,000 ரூபாய். அதோடு ஒன்றரை நாள் போனது.

தம்பி கேட்ட ஜாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். என் ஜாக்கெட் நல்ல ஜாக்கெட்தான், சென்னையில் 6,000 ரூபாய். இடுப்போடு நின்றது, அதுதான் குறை. அங்கே எல்லாரும் முழங்காலுக்குக் கீழே வரை போடுகிறார்கள், காரணம் காற்று தொடையைத்தான் முதலில் பிடிக்கும். அதைவிட மோசம் என் ஷூ, ஓடுவதற்கான வலைத்துணி ஷூ. காற்று நேராக உள்ளே போனது. உள்ளாடை பருத்தியில் வேண்டாம். ரயிலிலும் கடைகளிலும் சூடு அதிகம், வியர்த்துவிடும். பருத்தி அந்த வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு வெளியே வந்ததும் உடம்பை நடுக்கும். சூடு காக்கும் மெல்லிய உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ், அதன் மேல் நீள ஜாக்கெட், உள்ளே போனதும் ஜிப்பைத் திறந்துவிட வேண்டும். கையுறை, தொப்பி, காலுறை எல்லாம் அங்கே டைசோ கடைகளில் 5,000 வோனுக்குள் கிடைக்கும், இங்கிருந்து சுமக்க வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நிறுத்தத்தின் இருக்கையைத் தொட்டுப் பாருங்கள், பல இடங்களில் சூடேற்றிய பலகை.

நான் சைவம். பண்டிகை வாரத்தில் அதுவும் ஒரு பாடு. புத்தாண்டுச் சாப்பாடான அரிசிக் கொழுக்கட்டைச் சூப்பில் மாட்டுக்கறிச் சாறு, கிம்ச்சியில்கூட மீன் சாறோ இறால் உப்போ இருக்கும். "கோகி பே ஜுசேயோ" என்றால் கறி போடாதீர்கள் என்று அர்த்தம், ஆனால் மீனையும் குழம்புச் சாறையும் அவர்கள் கறியில் சேர்ப்பதில்லை. பூசணிக் கஞ்சி, வேகவைத்த சர்க்கரைவள்ளி, சிவப்புப் பயறுப் பூரணம் வைத்த மீன் வடிவ அப்பம் இவைதான் என்னைக் காப்பாற்றின. இடேவோன் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் நம் பக்கத்துச் சாமான் கடைகள் பண்டிகையிலும் திறந்திருந்தன. அங்கே வாங்கின உடனடிப் பருப்புப் பொட்டலம் கைகொடுத்தது.

26-ம் தேதி காலை ஓட்டல் சன்னலைத் திறந்தால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பனி பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். தெருவில் நின்று முகத்தைத் தூக்கிக் காட்டினேன், அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன், தங்கியிருக்கும் இடத்தின் பெயரையும் எண்ணையும் அம்மாவை எழுதிக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் விமானத்துக்குப் போகும் முன் ஹேபாங்சோன் ஏறிப் போய், மிச்சமிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பாட்டியிடம் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வாசலில் அந்த மாடி அறைக்கென்று ஒரு தபால் பெட்டி உண்டு. 9 வோல்ட் பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அதற்குள் வைத்தேன். இனி வருகிறவர்களுக்கு அது அங்கே இருப்பதைச் சொல்லிவிடுங்கள் என்று வீட்டுக்காரருக்கு ரயிலில் உட்கார்ந்து செய்தி அனுப்பினேன்.